நாலு டிகிரி

ஏழு பாகத்தையும் ராத்திரி டூட்டியில்தான் வாசித்தேன்,
ஹைகிரவுண்ட் ரத்த வங்கியில்,
குளிர்பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும் மூலையில்.
ஜெபக்கனி வாசிக்கவில்லை.
"அதான் பத்து எபிசோடா வந்துட்டுல்லா,
எதுக்குட்டி கண்ணக் கெடுக்க?"
ஒரு காதில் மட்டும் இயர்போன்.
மறு காது அலாரத்துக்கு.

புத்தகத்தில் அவன்
பத்திரப்பதிவு ஆபீஸ் குமாஸ்தா. முன்வழுக்கை.
வெற்றிலைக் கறை ஏறின பல்வரிசையில்
எது கோரைப்பல் என்று
மூன்றாம் பாகம் வரை ஒருத்தருக்கும் தெரியாது.
செத்து அறுபது வருசத்துக்கு அப்புறமும்
"என்னலே" என்றுதான் கூப்பிடுவான்.
திரையில் வந்தவன் ஆறடி, மழித்த மார்பு.
"உன் குருதி என்னை அழைக்கிறது" என்கிறான்
வேறு யாருடைய குரலிலோ.
குருதியாம்.
அந்த வார்த்தையை
முகாம் பேனரில் தவிர நான் எங்கும் பார்த்ததில்லை.

ஓடுகிற தண்ணீரை அவனால் தாண்ட முடியாது.
வேலை ஜங்ஷனில்,
மனசு பாளையங்கோட்டையில்
பீடிக் கணக்கெழுதும் மரகதவல்லியிடம்.
நடுவில் தாமிரபரணி.
மீனாட்சிபுரம் படித்துறையில் நின்று
கொக்கிரகுளத்து விளக்குகளை எண்ணுவான்,
ஆறு வற்றும் ஒரு கோடைக்காகப் பதினொரு வருசம்.
வற்றவே வற்றாது, பாவி ஆறு.
திரையில்
பறந்துவிடுகிறான்.

அதைக்கூட விட்டுவிடலாம்.
எங்கள் வெயிலை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்?
இரண்டாம் பாகத்தில் நாற்பது பக்கம் ஒரே ஒரு மத்தியானம்:
சித்திரை மாசம், பேட்டை ரோடு,
பழுதாகி நிற்கும் டவுன் பஸ்,
அதன் நிழல் விரற்கடை விரற்கடையாய்ச் சுருங்கச் சுருங்க
கூடவே சுருங்கிக்கொண்டு அவன்.
கண்டக்டர் எட்டிப் பார்த்து
"சீட்டு எடுத்தாச்சா அண்ணாச்சி" என்பார்.
இவர்கள் ஊட்டியில் படம்பிடித்திருக்கிறார்கள்.
பனிமூட்டத்தில் ரத்தம் குடிக்கிறவனுக்கு
அப்படி என்ன பாடு?

திரையில் ரத்தம் ரோஸ்மில்க்.
எழுதினவர் நாவப்பழத் தோல் என்று எழுதியிருந்தார்.
பெட்டியைத் திறந்து
ஒரு பையை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிக் காட்டினேன்.
"நீயே சொல்லு."
அவள் பையைப் பார்க்கவில்லை.
போனை என் பக்கம் திருப்பினாள், ஏழாவது எபிசோடு:
ரசம்போன கண்ணாடி முன்னால்
அவன் தலை சீவுகிறான்.
கண்ணாடிக்குள்ளே
சீப்பு மட்டும்
வெறும் காற்றில்
வகிடு எடுக்கிறது.
வசனமில்லை, பாட்டில்லை.
இந்த இடத்தைப் புத்தகம்
ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தது.
"இன்னொரு தடவ போடு" என்றேன்.
ஜெயித்த மாதிரி ஒன்றும் சிரிக்கவில்லை அவள்,
போட்டாள்.

ரெண்டே முக்கால் இருக்கும்.
"உள்ள வரலாமா மேடம்?"

கூப்பிடாமல் வாசல் தாண்டக்கூடாது அவன்;
புத்தகத்தில் அதற்கு ஆறு பக்கம்,
திரையில் கதவு தானாகத் திறக்கும்.
நாங்கள் ரெண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.
நிழல் விழுந்திருந்தது.
கையில் செருப்பு.
"வாங்க" என்றாள் ஜெபக்கனி,
இயர்போனைக் கழற்றிவிட்டு.

மானூரிலிருந்து பைக்கில் வந்திருக்கிறான்,
பி நெகட்டிவ்,
பிரசவ வார்டில் இருக்கும் யாரோ ஒருத்திக்கு.
பேர்கூடத் தெரியாதாம்.
ஊசி இறங்கும்போது
சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
முந்நூற்றைம்பது மில்லி.
அப்புறம் டீ, ரெண்டு பிஸ்கட்.
மேசையில் கவிழ்ந்து கிடந்த ஆறாம் பாகத்தை நிமிர்த்தி
அட்டையில் இருந்த பல்லைப் பார்த்தான்.
"இதுல ரத்தம் நெறைய வருமோ?
எனக்கு அது ஆகாதுக்கா."

"புக்குல கம்மிதான்" என்றேன்.
லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.
பை இன்னும் குளிரவில்லை,
உள்ளங்கையில் வெதுவெதுவென்று கிடந்தது.